அகதேசில் இறக்கிய எஞ்சின்

சகாராவின் தெற்கு ஓரத்தில் அகதேஸ் என்றொரு ஊர் இருக்கிறது. இன்று நைஜர் நாட்டைச் சேர்ந்தது. 1935-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. மண் சுவர் வீடுகள், மரக்கழிகள் முள்முள்ளாய்த் துருத்தி நிற்கும் மண் மினார், பாலைக்குள்ளிருந்து உப்பு ஏற்றி வரும் ஒட்டக வரிசைகள் என்று வாழ்ந்த ஊர். அந்த ஆண்டு அங்கே ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை இரண்டு ஆங்கிலப் பெண்கள் முழுக்கப் பிரித்துப்போட்டார்கள். பக்கத்தில் பட்டறை எதுவும் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. பிரித்ததை அவர்களேதான் திரும்பக் கோத்தார்கள். கோத்த எஞ்சின் அவர்களை ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒருவர் தெரசா வாலக். இன்னொருவர் ஃப்ளாரன்ஸ் பிளெங்கிரான், தோழிகளுக்கு ‘பிளெங்க்’. வண்டி, யார்க்‌ஷயரின் கிளெக்ஹீட்டன் ஊரில் ஃபெலன் அண்ட் மூர் கம்பெனி செய்த 600 சிசி பாந்தர்.

பாந்தரின் உடம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சாதாரண மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து எஞ்சினுக்கு முன்னால் ஒரு குழாய் கீழே இறங்கும். சட்டகத்தின் பலமே அதில்தான். பாந்தரில் அந்தக் குழாய் கிடையாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினையே முன்பக்கமாகச் சாய்த்து, நீண்ட போல்ட்டுகளால் கழுத்தோடு முறுக்கி, குழாயின் வேலையை எஞ்சின் தலையில் கட்டிவிட்டார்கள். மெதுவாகச் சுழலும் பெரிய எஞ்சின். ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே ஒரு தடவைதான் வெடிக்கும் என்று இங்கிலாந்தில் கேலி பேசுவார்கள். வேகம் போதாது, இழுக்கிற சக்தி அபாரம். அதனால்தான் சைடுகார் மாட்டிக் குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். இந்தப் பெண்கள் சைடுகாரோடு நிற்காமல் பின்னால் ஒரு டிரெய்லரும் கட்டினார்கள். கூடாரம், ஸ்பேர் சாமான், தட்டுமுட்டு எல்லாம் அதில். இத்தனை பாரத்தையும் இழுக்கும் வண்டியில் எஞ்சினைக் கழற்றுவது, நெஞ்செலும்பைக் கழற்றுவது மாதிரி.

1934 டிசம்பர் 11-ஆம் தேதி லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் உட்கார்ந்த முதல் பெண்ணான ஆஸ்டர் சீமாட்டி வழியனுப்ப வந்தார். பிரான்சைக் குறுக்காகக் கடந்து, கப்பலில் அல்ஜியர்ஸ் போய், அங்கிருந்து நேரே தெற்கு. கையில் ஒரு திசைகாட்டிகூட இல்லை. முன்னால் போன லாரிகளின் சக்கரத் தடமும், வழி காட்ட நட்டிருந்த குறிகளும்தான் துணை.

மோட்டார் வாகனத்துக்கு சகாரா அப்போதும் புதுசுதான். சித்ரோன் கம்பெனி பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டிய ஐந்து வண்டிகளை அனுப்பி, அல்ஜீரியாவின் துகூர் ஊரிலிருந்து திம்பக்து வரை முதன்முதலாகக் கடந்தது 1922 டிசம்பருக்கும் 1923 ஜனவரிக்கும் இடையில். அந்தப் பயணத்துக்கு முன்னேற்பாடாகப் பாலையில் பெட்ரோல் கொண்டுபோய் வைத்தார்கள். கூடவே நிபுணர்கள் போனார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, சாலைக்கென்று செய்த டயரோடு ஒரு மோட்டார் சைக்கிள் அதே பாலையில் இறங்கியது. மணலில் சைடுகார் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும், முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் புதையும். இறங்கித் தோண்டி, தள்ளி, ஏறி, மறுபடி இறங்க வேண்டும். பாலைத் தூசி உப்புத்தாள் போன்றது; காற்றோடு எஞ்சினுக்குள் போனால் தேய்க்காமல் விடாது. அகதேஸ் வரைக்கும் தாங்கியதே பெரிது.

அகதேசுக்குப் பிறகு நைஜீரியாவின் கானோ, பிறகு மழைக்காடு, பெல்ஜியர்களின் காங்கோ, கிழக்கே திரும்பிக் கென்யா. தாங்கனிக்காவில் எதிரே வந்த காரோடு நேருக்கு நேர் மோதல். நாள்கணக்கில் ஒரு வாகனத்தையும் பார்க்காத சாலையில், வந்த ஒரே கார் அது. எழுந்து, நிமிர்த்தி, பழுது பார்த்து மீண்டும் கிளம்பினார்கள். 1935 ஜூலை 29-ஆம் தேதி கேப் டவுன். ஏழரை மாதம், பதின்மூவாயிரம் மைலுக்கு மேல்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் ‘துணிச்சல்’ என்ற சொல்லைத்தான் எடுக்கிறார்கள். துணிச்சல் இல்லாமல் இல்லை. ஆனால் அகதேசில் துணிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அங்கே வேண்டியிருந்தது ஸ்பானர் பிடித்துப் பழகிய கை. அந்தக் கை இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான், மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண்களின் வரலாற்றில் பலரும் தாண்டிப் போய்விடுகிற பக்கம்.

வாலக் 1909-இல் பிறந்தவர். லண்டனில் வளர்ந்தபோது மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆட்கள் சிலர் பழக்கம். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். வீட்டில் சம்மதமில்லை. 1928-இல் உதவித்தொகை பெற்று நார்த்தாம்ப்டன் பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். லண்டனின் சிட்டி பல்கலைக்கழகம் என்று பின்னால் பெயர் பெற்றது அந்த நிறுவனம்தான். பந்தயங்களிலும் ஓட்டத் தொடங்கினார். எஞ்சின் ஏன் ஓடுகிறது என்பதைப் பாடமாகவும், ஏன் நிற்கிறது என்பதைப் பழக்கத்திலும் கற்றுக்கொண்டவர் என்று சொல்லலாம்.

பிளெங்கிரானின் பெயர் அதற்குள் பந்தயக்காரர்கள் மத்தியில் பிரபலம். லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தடம் 1907-இல் திறந்தது. ஒரு சுற்று இரண்டே முக்கால் மைல். வளைவுகளில் கான்கிரீட் சுவர் போல் உயர்ந்து நிற்கும். காலப்போக்கில் கான்கிரீட் மேடும் பள்ளமுமாகி வண்டிகளைத் தூக்கிப் போடும். பந்தயத்தின்போது அங்கே ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் முடிப்பவருக்கு, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத் தங்க நட்சத்திரம் ஒன்றை மோட்டார் சைக்கிள் பந்தய சங்கம் கொடுத்துவந்தது. பிஎஸ்ஏ கம்பெனியின் புகழ்பெற்ற ‘கோல்ட் ஸ்டார்’ வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே, 1937-இல் வால் ஹேண்ட்லி பிஎஸ்ஏ ஓட்டி வென்ற அந்த நட்சத்திரத்தால்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1934-இல், பிளெங்கிரான் அதைக் குத்திக்கொண்டுவிட்டார். அதை வாங்கிய முதல் பெண் அவர். மொத்தத்தில் மூன்றே பெண்கள்தான் வாங்கினார்கள்: பிளெங்கிரான், அதே ஆண்டில் பியட்ரிஸ் ஷில்லிங், கேப் டவுன் போய்த் திரும்பிய பிறகு 1939-இல் வாலக். அந்த ஆண்டே போர் மூண்டது. புரூக்லண்ட்ஸ் விமானம் கட்டும் இடமாக மாறியது. பந்தயம் அங்கே திரும்ப வரவேயில்லை.

ஆப்பிரிக்கப் பயணத்துக்கு இருபதாண்டு முன்பே அமெரிக்காவில் பெண்கள் நெடுந்தூரம் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். 1915-இல் எஃபி ஹாட்ச்கிஸ் என்ற பெண் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஹார்லி டேவிட்சனில் கிளம்பினார். சைடுகாரில் அம்மா ஏவிஸ். ‘தனியாக அனுப்ப மாட்டேன்’ என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாமல், வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட அம்மா. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வழியில் டியூப்கள் தீர்ந்துபோயின. வாங்கக் கடை இல்லை. எஃபி ஒரு கம்பளியைச் சக்கரத்தின் அளவுக்கு வெட்டிச் சுருட்டி, டயருக்குள் டியூப் இருக்க வேண்டிய இடத்தில் திணித்தார். வண்டி ஓடியது. அட்லாண்டிக் கரையில் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரைப் பசிபிக்கில் ஊற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு வான் பியூரன் சகோதரிகள். அகஸ்டாவும் அடலினும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் வம்சத்தில் வந்தவர்கள். ஆளுக்கொரு இந்தியன் வண்டி. ஒன்று 275 டாலர். நமது நாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, அது மாசச்சூசெட்ஸ் கம்பெனி. முகப்பு விளக்கு அசெட்டிலின் வாயுவில் எரிந்தது. 1916 ஜூலைத் தொடக்கத்தில் புரூக்ளினிலிருந்து கிளம்பியபோது அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது, அமெரிக்காவும் இறங்கும் போலிருந்தது. ராணுவத்தில் கடிதமும் கட்டளையும் கொண்டுபோகும் வேலைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தேவை. அந்த வேலையைப் பெண்கள் செய்தால் ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பலாம். பெண்களால் முடியும் என்று காட்ட நாட்டையே குறுக்காகக் கடப்போம் என்று கிளம்பினார்கள்.

பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு மேலே உச்சி வரை ஏற்றினார்கள். மோட்டார் வாகனத்தில் அங்கே போன முதல் பெண்கள் அவர்கள். சால்ட் லேக் நகரத்துக்கு மேற்கே பாலையில் வழி தவறி, குடிதண்ணீர் தீர்ந்துபோன நேரத்தில், வண்டியோடு வந்த ஒரு மனிதர் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். ஆனால் அவர்களை உண்மையில் பிடித்து நிறுத்தியது மலையோ பாலையோ இல்லை, போலீஸ். சிகாகோவுக்கு மேற்கே சிற்றூர்களில் பலமுறை கைதானார்கள். குற்றம்: ஆண்களைப் போல் உடை உடுத்தியது. தோல் கால்சட்டையில்லாமல் அந்தச் சாலைகளில் எப்படி ஓட்டுவது என்று அந்தப் போலீஸ்காரர்கள் யோசிக்கவில்லை. டென்வரின் நாளிதழ் ஒன்று, போரைச் சாக்காக வைத்து வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கும் பெண்கள் என்று எழுதியது. செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் சேர்ந்தார்கள். மொத்தம் 60 நாள், 5,500 மைல். ஓட்டிக் காட்டியாயிற்று என்று அடலின் ராணுவத்துக்கு விண்ணப்பித்தார். வேண்டாம் என்று பதில் வந்தது. அடலின் பின்னால் வக்கீலானார். அகஸ்டா விமானம் ஓட்டினார்.

அடலினுக்கு மறுத்த வேலையை அடுத்த உலகப்போர் பெண்களிடம் கொடுத்தது, ஆள் பற்றாக்குறையால். பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவு 1940 வாக்கிலேயே பந்தயத்தில் ஓட்டிய பெண்களைத் தேடிப்பிடித்துத் தபால் கொண்டுபோகும் வேலையில் வைத்தது. பிளிமத் துறைமுகத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு இரவில் மெக்ஜார்ஜ் என்ற பெண்ணின் வண்டி நாசமானது. அவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கடிதத்தைச் சேர்த்துவிட்டு, மறுபடியும் போகத் தயார் என்று நின்றார். அதற்குப் பதக்கம் கிடைத்தது. வாலக் தரைப்படையின் பெண்கள் பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிரிட்டிஷ் தரைப்படையின் முதல் பெண் தபால் ஓட்டியானார்.

இரண்டாவது தங்க நட்சத்திரக்காரி பியட்ரிஸ் ஷில்லிங்குக்குப் போர் வேறொரு வேலை வைத்திருந்தது. பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், மான்செஸ்டரில் பொறியியல் படித்தவர், ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அப்போது பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஒரு உயிர்ப் பிரச்சினை. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே குத்திப் பாய்ந்தால் பெட்ரோல் தாறுமாறாக ஏறி, எஞ்சின் திக்கித் திணறி நின்றுவிடும். எதிரி விமானங்களில் பெட்ரோலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் முறை இருந்ததால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தலைகுப்புறப் பாய்ந்து தப்பித்துவிடும். ஷில்லிங் செய்த தீர்வு உள்ளங்கையில் அடங்கியது: நடுவில் அளவாகத் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. எஞ்சினுக்கு முழுச் சக்தியில் எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவுதான் அந்தத் துளை வழியே போகும். எஞ்சினை இறக்காமலே பொருத்திவிடலாம். 1941-இல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் விமானத் தளமாகப் போய் அதைப் பொருத்தினார். தளங்களுக்குத் தன் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளிலேயே போனார். பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலந்தால் எஞ்சின் மூச்சு விடும் என்பது புரூக்லண்ட்ஸில் 100 மைல் தாண்டியவருக்குத் தெரியாத விஷயமா என்ன?

இந்த வரலாற்றில் தொழில் ஒரு பக்கம் என்றால், தானே தன்னைக் கதையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் கறுப்பினப் பெண். 1930-களில் அமெரிக்காவைத் தனியாகச் சுற்றினார். வரைபடத்தின் மேல் காசைச் சுண்டி, அது விழுகிற ஊருக்கு வண்டியைத் திருப்பியதாகச் சொல்வார். கறுப்பர்களுக்கு அறை தராத ஊர்களில் பெட்ரோல் பங்கில் வண்டி மேலேயே, சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் தபால் கொண்டுபோனார். ஜமைக்காவில் பிறந்தவர், அனாதையாகத் தத்துப் போனவர் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த கதை. 1993-இல் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, பிறந்தது அமெரிக்காவின் வட கரோலினாவில், தத்துக் கதை உண்மையில்லை என்று உறவினர் சொன்னார். கதை கலைந்தாலும் வண்டிகள் கலையவில்லை. இருபத்தேழு ஹார்லி வைத்திருந்ததாக அவர் கணக்கு. மயாமியில் அவர் ஓட்டிப்போனதைப் பார்த்த ஊரே சாட்சி.

போர் முடிந்ததும் வாலக் ஒரு நார்ட்டனில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று 32,000 மைல் சுற்றினார். பின்னர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். சிகாகோவில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் விற்றுப் பழுது பார்த்தார். 1970-இல் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று எழுதி, அரிசோனாவின் ஃபீனிக்ஸில் மோட்டார் சைக்கிள் பள்ளியும் நடத்தினார். தனக்கென்று கார் வைத்துக்கொள்ளவே இல்லை. எண்பத்தெட்டு வயதில், பார்வை மங்கிய பிறகுதான் வண்டியை விட்டார்.

இந்த வரிசையில் இன்னொரு பெரிய பயணம் சென்னை வழியாகப் போகிறது. எல்ஸ்பெத் பியர்ட் லண்டனில் கட்டடக்கலை மாணவி. 1974-இல் செய்த, ஏற்கெனவே ஓடிய ஒரு பிஎம்டபிள்யூ வண்டியோடு 1982-இல் உலகம் சுற்றக் கிளம்பினார். மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளிடம் உதவி கேட்டார், யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவைக் கடந்து சிட்னி போய், அங்கே கட்டடக்கலை நிறுவனத்தில் மாதக்கணக்கில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ஒரு கராஜில் குடியிருந்தபடி, வண்டியின் இரு பக்கமும் மாட்ட, பூட்டு போடக்கூடிய அலுமினியப் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்தார். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டும் விசாக்களும் திருடுபோயின. எல்லாவற்றையும் புதுசாக வாங்க ஆறு வாரம் ஆயிற்று. தாய்லாந்தில் குறுக்கே வந்த நாயில் மோதி விழுந்து, ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டிலேயே படுத்துத் தேறினார். பிறகு பினாங்கில் கப்பலேறி மெட்ராஸ். மலாயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த அதே கடல்வழி. மெட்ராஸிலிருந்து கல்கத்தா, காத்மாண்டு, பாகிஸ்தான், ஈரான், துருக்கி என்று ஓட்டி, மஞ்சள் காமாலையில் உடம்பு எலும்பாகி 1984-இல் லண்டன் சேர்ந்தார். மொத்தம் 35,000 மைல். ஊரில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. குறிப்புகளையும் படங்களையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனார். பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றை வீடாக மாற்றிக் கட்டடக்கலை விருதும் வாங்கினார். அந்தப் பெட்டி புத்தகமாக வெளிவந்தது 2017-இல்.

வாலக்கின் பெட்டியும் அப்படித்தான் கிடந்தது. 1999 ஏப்ரல் 30-ஆம் தேதி, சரியாகத் தன் தொண்ணூறாவது பிறந்தநாளில், ஃபீனிக்ஸில் அவர் இறந்தார். லண்டனிலிருந்து கேப் டவுன் போன கதையை அவர் எழுதிவைத்திருந்த பிரதி அதற்கு இரண்டாண்டு கழித்து, 2001-இல், அச்சில் வந்தது. 2003-இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தன் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. அகதேசில் பிரித்த எஞ்சின் திரும்ப ஓட எடுத்துக்கொண்டது வாரக்கணக்கு. அந்தக் கதை வாசகர் கைக்கு வர அறுபத்தாறு ஆண்டு ஆயிற்று.